இரத்தம் ஓர் அமானிதம்



சென்ற கோடையில் அருப்புக்கோட்டையில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் இரத்ததான முகாம் நடந்தது. மறுநாள் காலை மக்தபில் பிள்ளையை விட வந்த ஒரு தாயார் வாசலிலேயே நின்று கேட்டார்: "ஹஜ்ரத், மூத்தவன் நேற்று இரத்தம் கொடுத்துவிட்டு வந்து தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டான். கொடுத்த இரத்தம் திரும்ப ஊறுமா? கைவலிக்கு மாத்திரை போடலாமா?"

எளிய கேள்விதான். ஆனால் உடலிலிருந்து வெளியேறிய இரத்தம் எவ்வாறு மீள்கிறது, மீளும் வரை மனிதன் தன் உடலை எவ்வாறு பேண வேண்டும் என்ற அக்கறைக்கு நம் மார்க்கத்திலும் மருத்துவத்திலும் நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் கசப்பான பக்கம் ஒன்று நம் விருதுநகர் மாவட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் 'ஹிஜாமா' எனும் இரத்தம் குத்தி எடுக்கும் சிகிச்சை வழக்கில் இருந்தது. அபூ தைபா (ரலி) அவர்கள் நபியவர்களுக்கு இச்சிகிச்சையைச் செய்தார். நபியவர்கள் அவருக்கு உணவுப் பொருளைக் கூலியாகக் கொடுக்கச் செய்ததோடு, அவருடைய எசமானர்களிடம் பேசி அவர்மீது விதிக்கப்பட்டிருந்த வரியையும் குறைக்கச் செய்தார்கள். நோன்பாளி இரத்தம் குத்தி எடுப்பதை நீங்கள் வெறுத்தீர்களா என்று அனஸ் (ரலி) அவர்களிடம் பிற்காலத்தில் கேட்கப்பட்டபோது, பலவீனம் ஏற்படும் என்பதற்காகவே அன்றி வேறெதற்காகவும் இல்லை என்ற பொருளில் அவர் விடையளித்ததாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. இரத்தம் வெளியேறினால் உடல் தளரும், அத்தளர்ச்சியைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை நபித்தோழர்கள் அன்றே உணர்ந்திருந்தனர். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின்படி இரத்தம் கொடுப்பதால் நோன்பு முறியாது. ஆயினும் பலவீனம் அஞ்சப்படுமானால் இஃப்தாருக்குப் பின் கொடுப்பதே சிறப்பு.

பின்வந்த முஸ்லிம் மருத்துவர்கள் இதனைக் கலையாக வளர்த்தனர். கி.பி. 1013 அளவில் மறைந்த ஸ்பெயின் நாட்டு அஸ்ஸஹ்ராவி, தம் 'தஸ்ரீஃப்' நூலின் அறுவை மருத்துவப் பகுதியில் இரத்தம் எடுக்கும் முறைகளையும் கருவிகளையும் விரிவாக எழுதினார். 1288இல் கெய்ரோவில் மறைந்த இப்னு நஃபீஸ், இரத்தம் இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியே சென்று இடப்புறத்தை அடைகிறது என்று எழுதினார். உடல் முழுவதும் நிகழும் இரத்த ஓட்டத்தை இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628இல் நூலாக வெளியிட்டார். 1901இல் வியன்னாவின் கார்ல் லேண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைக் கண்டறிந்த பிறகே, ஒருவர் இரத்தத்தை மற்றவருக்கு ஏற்றுவது ஓரளவு அச்சமின்றிச் செய்யக்கூடியதாயிற்று. அவர் பிறந்த ஜூன் 14ஆம் நாளே இன்று உலக இரத்தக் கொடையாளர் நாளாக நினைக்கப்படுகிறது.

மருத்துவம் இந்நிலையை எட்டியபோது ஆலிம்களுக்கு முன் புதிய கேள்வி எழுந்தது. வெளியேறிய இரத்தம் அசுத்தம். மனித உறுப்போ கண்ணியத்திற்குரியது. அவ்வாறிருக்க அதனைப் பிறருக்கு ஏற்றலாமா? பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் இதனைத் தாய்ப்பாலோடு ஒப்பிட்டார். பாலும் மனித உடலின் ஒரு பகுதியே. உறுப்பை வெட்டாமல் வெளியேறி இன்னொரு உடலுக்கு உணவாகிறது. தேவையின் பொருட்டு மார்க்கம் அதனை அனுமதித்திருக்கிறது. அவ்வாறே நிர்ப்பந்தத் தேவையில் இரத்தம் ஏற்றுவதும் கூடும் என்பது அவருடைய ஆய்வின் சாரம். ஆனால் இரத்தத்தின் விலையை நபியவர்கள் தடுத்தார்கள் என்று அபூ ஜுஹைஃபா (ரலி) அறிவித்திருப்பதால், அதனை விற்பது கூடாது என்பதில் ஆலிம்கள் உறுதியாக நின்றனர். கொடுப்பது வேறு, விற்பது வேறு.

இந்த வேறுபாட்டை நம் நாடு கடும் விலை கொடுத்தே கற்றது. 1980களில் இந்திய நகரங்களில் இரத்தம் விற்பது பலருக்குப் பிழைப்பாக இருந்தது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, இரத்தப் பைகளைப் பற்றிய அச்சமும் பிறந்தது. நடுவண் அரசு ஏற்பாடு செய்த ஓர் ஆய்வு, வேலையற்றோர், ரிக்‌ஷா இழுப்போர், போதைக்கு அடிமையானோர் ஆகியோர் இரத்தத்தை விற்று வருவதையும், அவர்களிடம் நோய்த் தொற்றுகள் மிகுந்திருப்பதையும், அவர்களது ஹீமோகுளோபின் வேண்டிய அளவுக்குக் கீழே இருப்பதையும் எடுத்துக்காட்டியது. உடல் மீள்வதற்குள் மீண்டும் விற்றார்கள். விற்ற காசு போதைக்கே போயிற்று. போதை அவர்களை மறுபடியும் இரத்த வங்கியின் வாசலில் நிறுத்தியது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 'காமன் காஸ்' வழக்கில் அளித்த தீர்ப்பையடுத்து, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு இரத்தம் விற்பது நாடெங்கும் தடை செய்யப்பட்டது.

அவர்களுடைய உடல் ஏன் மீளவில்லை என்பதை அறிந்தால், நம் பிள்ளைகளின் உடல் எவ்வாறு மீள்கிறது என்பதும் விளங்கும். வளர்ந்த ஒருவருடைய உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. எடைக்கேற்ப 350 அல்லது 450 மில்லி லிட்டர் மட்டுமே எடுக்கிறார்கள். இழந்த நீர்ப்பகுதியை உடல் ஓரிரு நாள்களில் ஈடு செய்துவிடும். சிவப்பணுக்கள் குறைந்ததைச் சிறுநீரகம் உணர்ந்து எலும்பு மச்சைக்கு ஒரு ஹார்மோன் வழியே செய்தி அனுப்புகிறது. மச்சை புதிய அணுக்களை உருவாக்குகிறது. அவை நிறைவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஒவ்வொரு முறையும் 200 மில்லி கிராமுக்கு மேல் இரும்புச் சத்தும் போய்விடுகிறது; அது மீளப் பல மாதங்கள் ஆகலாம். ஆகவேதான் நம் நாட்டு விதிப்படி ஆண்கள் 90 நாள்களும் பெண்கள் 120 நாள்களும் இடைவெளி விட வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. இரத்தம் விற்றவர்கள் இந்தக் கால அவகாசத்தைத்தான் தம் உடலிடமிருந்து பறித்தார்கள்.

எனவே அந்தத் தாயாரிடம் கூறியதையே உங்களுக்கும் கூறுகிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. இந்த வெயிலில் தறிக்கூடத்திலோ கரிமூட்டத்திலோ நிற்பவர் ஏற்கெனவே வேர்வையில் நீரை இழந்திருப்பார். இரத்தம் கொடுத்த நாளில் வழக்கத்தைவிட மிகுதியாகத் தண்ணீரும் மோரும் குடிக்க வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. தலை சுற்றினால் உடனே படுத்துக் கால்களை உயர்த்தி வைக்க வேண்டும். கம்பங்கூழ், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஈரல் ஆகியவை இரும்புச் சத்தைத் தரும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதனை உடலில் சேர்க்கும். உணவோடு குடிக்கும் தேநீர் அதனைத் தடுக்கும். கைவலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபென் போன்றவை இரத்தக் கசிவை மிகுவிக்கக் கூடியவை என்பதால் அன்று தவிர்க்கலாம். ஆனால் இதயத்திற்கோ சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. இரும்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். கொடுத்த சில நாள்களில் காய்ச்சலோ வேறு நோயோ கண்டால் இரத்த வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பை இன்னொருவர் உடலுக்குள் செல்ல இருக்கிறது.

போதையைப் பற்றி மருத்துவர்கள் கூறுவது, மது உடலின் நீரை வெளியேற்றும், இரத்தம் கொடுத்த நாளில் குடிப்பவர் மயங்கி விழக்கூடும் என்பதாகும். நமக்கோ அது எந்நாளும் ஹராம். இன்று மதுவைவிட மறைவாக இன்னொன்று வந்திருக்கிறது. வலி தீர்க்கச் செய்யப்பட்ட மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடிய பழக்கம் தமிழக இளைஞரிடையே பரவி வருவதை நாளிதழ்கள் எழுதுகின்றன. ஓர் ஊசியைப் பலர் பகிரும்போது எச்.ஐ.வி.யும் கல்லீரலைத் தாக்கும் கிருமிகளும் பரவுகின்றன. கிருமி நுழைந்த தொடக்க நாள்களில் பரிசோதனையும் அதனைக் காட்டாமல் போகலாம். போதை ஊசி போட்டவர் இரத்தம் கொடுக்கக் கூடாது என்று விதி இருப்பது இதனால்தான்.

அந்தக் கசப்பான பக்கத்திற்கு இப்போது வருகிறேன். 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது வெளிப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்த பை அது. பரிசோதனைகள் அதனைத் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. உண்மை வெளிவரக் காரணமானவர் அதனைக் கொடுத்த இளைஞரேயாவார். வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும், தாம் கொடுத்த இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று அவரே சென்று தெரிவித்தார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அவருக்கு வயது 19. அம்மாத இறுதியிலேயே நஞ்சுண்டு, மதுரை அரசு மருத்துவமனையில் அவர் உயிரிழந்தார். உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வதை நம் மார்க்கம் தடுக்கிறது. ஆயினும் உண்மையைத் தாமே முன்வந்து சொன்ன ஒரு பிள்ளைக்கு, வாழ வழியில்லை என்று தோன்றும் அளவுக்கு இந்தச் சமூகம் இடம் வைத்திருந்ததே என்ற வேதனை என்னை விட்டு அகலவில்லை.

அந்த முகாமுக்குச் சில வாரங்களுக்குப் பின், மஃரிபுக்குப் பிறகு ஓர் இளைஞர் என்னிடம் தனியே வந்தார். ஜமாஅத்தின் இரத்தக் கொடையாளர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. "ஹஜ்ரத், என் பெயரை எடுத்துவிடுங்கள். காரணம் மட்டும் கேட்காதீர்கள்" என்றார். நான் கேட்கவில்லை. சற்று நேரம் அழுதுவிட்டு அவரே சொன்னார்: நண்பர்களோடு சேர்ந்து ஊசி. முகாமில் கூச்சத்தால் மறுக்க முடியாமல் போய்விடுமோ என்று அஞ்சி, அன்று ஊரிலேயே இல்லாமல் போயிருக்கிறார்.

அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. அவர் இசைவோடு பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அழைத்துச் சென்றோம். இப்போதும் சிகிச்சையில் இருக்கிறார். அன்று அவர் இரத்தம் கொடுக்காமல் விலகியதும் ஓர் உயிரைக் காத்த செயலே என்று அவரிடம் கூறினேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

சகோதரர்களே, பள்ளிவாசலில் முகாம் நடத்துங்கள். ஆனால் எவரையும் வற்புறுத்தாதீர்கள், "நீ மட்டும் ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். மருத்துவக் குழுவினர் கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் தனித்து விடையளிக்க மறைவான இடம் ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளை தயங்கினால் தாயும் தந்தையும் திட்டுவதற்கு முன் செவி கொடுங்கள். கொடுத்த இரத்தம் சில வாரங்களில் ஊறிவிடும். அச்சத்தால் மறைக்கப்பட்ட ஓர் உண்மை இன்னோர் உடலுக்குள் சென்றுவிட்டால் அதனைத் திரும்பப் பெற முடியாது.

நம் உடலும் அதில் ஓடும் இரத்தமும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். அவற்றைத் தூய்மையாகப் பேணவும், வாய்மையோடு கொடுக்கவும், தவறியவர் திரும்பி வர வாசலைத் திறந்து வைக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.