இரண்டு டாலர் கிரிஸ்டல்

அமெரிக்காவில் பழைய பொருள்களை நன்கொடையாக வாங்கி மலிவாக விற்கும் கடைகளை 'த்ரிஃப்ட் ஸ்டோர்' என்கிறார்கள். நவம்பர் பிறந்ததும் அந்தக் கடைகளில் ஓர் அலமாரியின் முன் பெண்கள் கூடத் தொடங்குவார்கள். அது கண்ணாடிச் சாமான்கள் இருக்கும் அலமாரி. மாதக் கடைசியில் தேங்க்ஸ்கிவிங், அடுத்த மாதம் கிறிஸ்துமஸ். பண்டிகை மேசைக்காகக் காலுள்ள ஒயின் கோப்பைகளையும் பழக்கிண்ணங்களையும் கூஜாக்களையும் தேடி எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மணப்பெண்ணுக்கு உறவினர்கள் ஒவ்வொன்றாக வாங்கித் தந்த கிரிஸ்டல் கோப்பை இன்று இரண்டு டாலர். வெளியே ஒரு காப்பி அதைவிட விலை கூடுதல்.

ஒரு பல்கலைக்கழகத்தின் அழைப்பில் பிட்ஸ்பர்கில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது இந்தக் கடைகளுக்குப் போய்ப் பழகினேன். கோப்பைகளின் அழகைவிட அவற்றின் விலைதான் என்னை யோசிக்க வைத்தது. ஐம்பது அறுபது ஆண்டுகள் ஒரு கீறல்கூட விழாமல் யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள். அப்படிக் காப்பாற்றப்பட்ட பொருள் எப்படி யாருக்கும் வேண்டாததாக ஆனது? இந்தக் கேள்வியோடு தேடிப் போனால் கண்ணாடியின் வரலாறு பெண்களின் உழைப்பு வரலாறாக விரிகிறது.

முதலில் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம். எந்தக் கண்ணாடியும் அறிவியல் பொருளில் கிரிஸ்டல், அதாவது படிகம், ஆகாது. பாறைப் பளிங்கைப் போலத் தெளிவாக இருப்பதால் வந்த பெயர் அது. 1674இல் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் ஒரு புதுவகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய கலவையில் ஈய ஆக்சைடு சேர்ந்தது. ஈயம் சேர்ந்த கண்ணாடி கனமாக இருக்கும். ஒளியைக் கூடுதலாக வளைத்துச் சிதறடிக்கும். சக்கரத்தில் வைத்து வெட்டப் பதமாக இருக்கும். ஐரோப்பியச் சமூகம் 1969இல் வகுத்த விதிப்படி 24 விழுக்காடு ஈய ஆக்சைடு இருந்தால்தான் அதை ஈயக் கிரிஸ்டல் என்று விற்கலாம்.

த்ரிஃப்ட் கடைக்கு வரும் பெண்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கத்திலேயே தெரிந்திருக்கிறது. கோப்பையின் காலைப் பிடித்துக்கொண்டு விளிம்பை நகத்தால் சுண்டுவார்கள். சாதாரணக் கண்ணாடி 'டக்' என்று நின்றுவிடும்; ஈயக் கண்ணாடி சிறு மணியைப் போல் நீண்டு ஒலிக்கும். வெட்டுகளின் விளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள். கையால் வெட்டியது கூராக இருக்கும், அச்சில் வார்த்தது மழுங்கியிருக்கும். அச்சில் வார்த்ததென்றால் பெரும்பாலும் பக்கவாட்டில் ஒரு மெல்லிய தையல்கோடு ஓடும். அடியைச் சாய்த்துப் பார்த்தால் அமிலத்தால் பொறித்த கம்பெனி முத்திரை மங்கலாகத் தெரியும்.

பிட்ஸ்பர்கும் அதைச் சுற்றியுள்ள ஒஹையோ, மேற்கு வர்ஜீனியா ஊர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ணாடி ஆலைகளின் பூமி. 1820களில் அமெரிக்க ஆலைகள் உருகிய கண்ணாடியை அச்சில் அழுத்தி வார்க்கும் முறையைப் பெருக்கின. 1864இல் வீலிங் நகரத்தில் வில்லியம் லைட்டன் ஈயம் இல்லாமலே தெளிவாக இருக்கும் மலிவான சோடா-சுண்ணாம்புக் கலவையை உருவாக்கினார். பணக்கார வீட்டு மேசையில் மட்டும் இருந்தது நடுத்தர வீட்டுக்கும் வந்தது. அதன் விலையைச் சிலர் தங்கள் உடலால் கொடுத்தார்கள்.

ஃபுளோரன்ஸ் கெல்லி பன்னிரண்டு வயதளவில் தன் தந்தையோடு மேற்குப் பென்சில்வேனியாவின் ஆலைகளை இரவில் பார்க்கப் போனார். தந்தை நாடாளுமன்ற உறுப்பினர். தொழில் வளர்ச்சியை மகளுக்குக் காட்ட விரும்பினார். மகள் கண்ணில் பட்டவர்களோ உலையின் முன் குந்தியிருந்த சிறுவர்கள். ஊதுபவர் கோப்பையை எடுத்ததும் சூடான அச்சைச் சுரண்டி அடுத்ததற்குத் தயார் செய்வது அவர்கள் வேலை. அந்தச் சிறுவனுக்கு ஆலையில் 'ஊதுபவரின் நாய்' என்று பெயர். 1893இல் இல்லினாய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் ஆனபோது கெல்லி கண்ணாடி ஆலைகளில் குழந்தைகள் உழைப்பதை எதிர்த்து நின்றார். எலிசபெத் பேர்ட்ஸ்லி பட்லர் 1907-08இல் பிட்ஸ்பர்கின் ஆலை ஆலையாக ஏறி இறங்கி, பெண்கள் செய்யும் தொழில்களை நூலாக எழுதினார். அதில் கண்ணாடித் தொழிலில் இருந்த பெண்களும் இடம்பெற்றார்கள்.

மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1910இல் இல்லினாயில் ஈய நச்சைத் தேடிப் புறப்பட்டார். ஈயம் இருக்கும் என்று யாரும் நினைக்காத தொழில்களில்கூட அது தொழிலாளர்களின் உடலில் ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தப் பட்டியலில் வெட்டுக் கண்ணாடியை மெருகேற்றும் வேலையும் உண்டு. 1919இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நியமித்த முதல் பெண் ஆசிரியர் அவர்தான். நாம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வியக்கும் மினுமினுப்பு ஒருவரின் கை செயலிழப்பதற்கும் வயிற்று வலிக்கும் காரணமாக இருந்தது என்று பதிவு செய்தவர் ஒரு பெண்.

பண்டிகை மேசைக்கும் பெண்களின் வரலாறு உண்டு. தேங்க்ஸ்கிவிங்கைத் தேசியப் பண்டிகையாக்கப் பல ஆண்டுகள் கடிதம் கடிதமாக எழுதியவர் சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர். 1863இல் லிங்கன் அறிவித்தார். நாட்டை ஒன்றிணைக்கும் இடம் வீட்டு உணவு மேசை என்பது ஹேலின் நம்பிக்கை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பதில் அவருக்கு உடன்பாடு இல்லை. வாக்குச்சாவடிக்குப் போக முடியாத பெண் வீட்டு மேசையின் வழியாகத் தேசத்துக்குப் பணி செய்வாள். கணக்கு இப்படி முடிந்தது. அதற்குப் பிறகு மேசை ஒரு தேர்வுக்கூடமானது. தண்ணீருக்கு ஒரு கோப்பை, ஒயினுக்கு ஒன்று, இனிப்புக்கு ஒன்று. எது எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எவ்வளவு மின்ன வேண்டும் என்பதற்கெல்லாம் விதி இருந்தது. தேர்ச்சியும் தோல்வியும் இல்லத்தரசியின் பெயரில் எழுதப்பட்டன.

அந்தக் கோப்பைகளை யார் கழுவினார்கள்? ஜோசஃபின் காக்ரன் என்ற இல்லினாய்ச் சீமாட்டி, வேலைக்காரர்கள் கழுவும்போது தன் பரம்பரைப் பீங்கான் விளிம்பு உடைகிறதே என்று பொறுக்காமல் பாத்திரம் கழுவும் இயந்திரம் செய்தார். 1886இல் காப்புரிமை பெற்றார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த இயந்திரம் இருந்தது. லிபி கம்பெனி தன் கண்ணாடிகளுக்கென்றே ஒரு மண்டபம் கட்டியதும் அதே கண்காட்சியில்தான். ஓட்டல்கள் இயந்திரத்தை வாங்கின. வீடுகளில் வெகுகாலம் கைதான் கழுவியது.

அந்தக் கை பல வீடுகளில் ஒரு கறுப்பினப் பெண்ணின் கை. 1940இல் ஊதிய வேலையில் இருந்த கறுப்பினப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிறர் வீட்டில்தான் வேலை செய்தார்கள். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுவேலைத் தொழிலாளர்களை வெளியே விட்டுவிட்டது. அவர் அமெரிக்க மேசையில் பதினான்கு கோப்பைகளைத் துடைத்து அடுக்கினார். அவற்றில் ஒன்றில்கூடக் குடிக்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. இரட்டைக் குவளை முறையை அறிந்த ஊரிலிருந்து வந்தவளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கோப்பையை யார் கழுவலாம், எதில் யார் குடிக்கலாம் என்ற பிரிவினைக்கு உலகம் முழுக்க ஒரே வாசனைதான்.

வேலையாள் வைக்க வசதியில்லாத வீடுகளுக்கு எமிலி போஸ்ட் வழி சொன்னார். 1922இல் வெளிவந்த அவருடைய நாகரிக நூலின் 1927 பதிப்பில் 'திருமதி மூன்று-ஒன்றில்' என்றொரு பாத்திரம் நுழைந்தது. சமைப்பவள், பரிமாறுபவள், சிரித்த முகத்தோடு விருந்தினரை உபசரிப்பவள் என மூன்று பேரும் ஒரே பெண். கூலிக்கு நடந்த வேலை இப்படிக் கூலியில்லாமல் மனைவியின் கடமையானது.

1924இல் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு கடை மணப்பெண்ணின் விருப்பப் பட்டியலைப் பதிந்து வைக்கத் தொடங்கியது. மணப்பெண் ஒரு கண்ணாடி வடிவத்தைத் தேர்ந்தெடுப்பாள். அத்தை, சித்தி, தோழிகள் அதிலேயே ஒவ்வொரு கோப்பையாக வாங்கித் தருவார்கள். கணவன் வீட்டுக்குள் அவள் தன் விருப்பத்தால் தேர்ந்தெடுத்த பொருள்களில் இதுவும் ஒன்று. அதனால் அதன் மீது அவளுக்கிருந்த பற்று வெறும் பகட்டு இல்லை. நம் பெண்கள் சீர்ப் பாத்திரங்களை நினைத்துக்கொண்டேன். எவர்சில்வர் தூக்கிலும் தாம்பாளத்திலும் தந்தவர் பெயரையும் தேதியையும் வெட்டித் தருவோம். எத்தனை கை மாறினாலும் பெயர் நிற்கும். கிரிஸ்டலில் கம்பெனியின் முத்திரை மட்டுமே இருக்கிறது. த்ரிஃப்ட் அலமாரிக்கு வந்து சேரும்போது அது யார் தேர்ந்தெடுத்தது, யார் அறுபது வருடம் துடைத்தது என்று சொல்ல எதுவுமில்லை.

மணிமேகலையின் பளிக்கறைக் காட்சியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். பளிங்குச் சுவருக்குள் அவள் உருவம் உதயகுமரனுக்குத் தெரிகிறது. உள்ளே போகும் வழிதான் தெரியவில்லை. கைகளால் சுவரைத் தடவித் தேடுகிறான். இந்தக் கோப்பைகளின் முன் நிற்கும் வரலாற்று மாணவிக்கு நேர்வது வேறு. கண்ணாடி தெரிகிறது, அதற்குள் இருந்த பெண் தெரிவதில்லை.

ஆனால் தேடியவர்கள் இருந்திருக்கிறார்கள். அமெரிக்கக் கண்ணாடி வடிவங்களை இனம்பிரித்துப் பெயரிட்டு ஒழுங்குபடுத்தியதில் பெரும்பங்கு பெண் சேகரிப்பாளர்களுடையது. ரூத் வெப் லீ 1931இல் அச்சு வார்ப்புக் கண்ணாடி பற்றிய தன் நூலை வெளியிட்டார். மின்னி வாட்சன் காம் 1939 முதல் கூஜாக்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதினார். 1930களின் பொருளாதார மந்தத்தில் ஓட்ஸ் பெட்டிக்குள் இலவசமாகவும், சினிமா கொட்டகையில் டிக்கெட்டோடும் வந்த மலிவான வண்ணக் கண்ணாடியை ஆய்வுக்குரியதாக்கியவர் ஹேசல் மேரி வெதர்மன், ஆண்டு 1970. ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தவர்களை நாம் பேராசிரியர்கள் என்கிறோம். கோப்பைகளை ஒப்பிட்டு வடிவபேதம் குறித்த இந்தப் பெண்களுக்கு நெடுநாள் 'பொழுதுபோக்குக்காரிகள்' என்ற பெயர்தான் கிடைத்தது.

விலைக்குத் திரும்புகிறேன். ஆலைகள் மூடின: ஹெய்ஸி 1957இல், கேம்பிரிட்ஜ் 1958இல், மௌண்ட்ஸ்வில்லில் இருந்த ஃபோஸ்டோரியா 1986இல். அரிதாகிப்போன பொருளின் விலை ஏற வேண்டும். இறங்கியது. நான் அடிக்கடி போன கடையில் தன்னார்வமாக வேலை செய்த எழுபது கடந்த பெண்மணி காரணத்தை ஒரே வரியில் சொன்னார்: "இதை மிஷினில் போட முடியாதே அம்மா." ஈயக் கண்ணாடி கழுவும் இயந்திரத்தின் சூட்டிலும் சோப்பிலும் மங்கிவிடும். கையால்தான் கழுவ வேண்டும்; உடனே துடைக்க வேண்டும்; தனி அலமாரி வேண்டும். தாய் இறந்ததும் பெட்டிகளோடு வருபவர்கள் பெரும்பாலும் மகள்கள் என்றும் அவர் சொன்னார். அவர்களுக்கு வேலை இருக்கிறது, சின்ன வீடு இருக்கிறது, நேரம் இல்லை.

அப்படியானால் கண்ணாடி இத்தனை காலம் தன் மதிப்பைத் தன்னிடமிருந்து பெறவில்லை. ஆண்டுக்கு இரண்டு நாள் மேசைக்கு வர, மீதி நாளெல்லாம் அதைக் காப்பாற்றிய கூலியில்லாத வேலையிலிருந்து பெற்றது. மகள்கள் அந்த வேலையைத் தொடர மறுத்தபோது விலை விழுந்தது. இரண்டு டாலர் என்ற அந்தச் சீட்டில் ஒரு தலைமுறைப் பெண்களின் மறுப்பும் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து வருந்துவதா மகிழ்வதா என்று கேட்டால் நான் மகிழ்வேன்.

அதற்காகக் கோப்பைகளை வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நானே நான்கு வாங்கினேன். பொருந்தாத வடிவங்களைச் சேர்த்து வைப்பது இப்போதைய இளம்பெண்களின் வழக்கம். முழு செட்டு என்ற பழைய விதியை அது உடைப்பதால் எனக்கும் பிடித்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். ஈயம் கண்ணாடிக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1991இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள்: கிரிஸ்டல் குடுவையில் மாதக்கணக்கில் வைத்திருந்த ஒயினில் ஈயம் பல மடங்கு ஏறியிருந்தது. எதையும் அதில் ஊற்றிச் சேமித்து வைக்காதீர்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேறு கோப்பை கொடுங்கள்.

மேசையில் எத்தனை கோப்பை வைப்பது என்று முடிவெடுக்கும்போதே, சாப்பாடு முடிந்ததும் கழுவும் தொட்டியின் முன் யார் நிற்பார், யார் துடைப்பார் என்பதையும் பெயர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள். அந்தப் பெயர்களில் ஆண்களின் பெயரும் இருக்கட்டும். உடைந்தால் உடையட்டும், விலை இரண்டு டாலர்தான்.