திப்பி யாருக்கு?

2021 ஜூலையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் எதிர் புளோக்கில் மூன்று வீடுகளில் வெள்ளைக்கொடி தொங்கியது. அதில் ஒன்று தலையணை உறை. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் ஒரு வெள்ளைத்துணியை வெளியே தொங்கவிட்டால் போதும், அக்கம்பக்கத்தார் பார்த்து உதவுவார்கள் என்று அந்த நாட்களில் நாடு முழுக்கப் பரவிய இயக்கம் அது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது.

அதே வாரம் எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் நம் பாட்டிமார் மரவள்ளிக்கிழங்கை வைத்தே மூன்றரை வருடம் குடும்பத்தை ஓட்டினார்கள், ஒரே கிழங்கில் பத்துப் பலகாரம் செய்தார்கள், இந்தத் தலைமுறைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை என்று. கீழே இரண்டு கைகூப்பும் படங்கள். நான் அதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். அப்போது அவருக்கு 86 வயது.

“ஓட்டுனவங்க சொல்லலாம்யா. ஓட்ட முடியாதவங்க எங்கேருந்து வந்து சொல்லுவாங்க?” என்றார்.

அன்று தொடங்கி ஒரு மாதம், சாயங்காலம் ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பொறியியல் படித்தவன். ஒரு பொருள் உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது, நடுவில் எங்கே காணாமல் போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. பாட்டியின் கதையையும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

முதலில், அரிசி எங்கே போனது? போருக்கு முன்னால் மலாயா தான் தின்ற அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை பர்மா, சயாம், இந்தோசீனாவிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. காட்டை அழித்து ரப்பர் போட்ட காலனி ஆட்சிக்கு அது லாபக் கணக்கு. ரப்பரையும் ஈயத்தையும் விற்றால் அரிசி வாங்கிக்கொள்ளலாம். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. ரப்பரை வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவும் பிரிட்டனும் இப்போது எதிரிகள். பர்மாவில் நெல் இருந்தும் ஏற்றிவரக் கப்பல் இல்லை. 1943 அக்டோபரில் நெல் விளையும் கெடாவையும் பெர்லிஸ், கிளந்தான், திரங்கானுவையும் ஜப்பான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. மிச்சமிருந்த கொஞ்சத்திலும் பெரும்பகுதி போயிற்று. வாழைமரம் போட்ட நோட்டை அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். அதை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனாலும் அரிசி கிடைக்கவில்லை.

பாட்டியின் தோட்டம் கோல சிலாங்கூர்ப் பக்கம். அங்கே ரப்பர் மரத்தை வெட்டிய இடத்தில் மரவள்ளி நட்டார்கள். அது குச்சியை ஒடித்து நட்டாலே வரும். மண்ணைப் பார்க்காது, உரம் கேட்காது, பறிக்காமல் விட்டாலும் மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். பஞ்ச காலத்துக்கென்றே செய்து வைத்த மாதிரியான பயிர்.

ஆனால் அதைத் தின்னும்படி ஆக்குவது வேறு வேலை. பாட்டியின் ஆத்தா செய்ததைப் பாட்டி சொன்னபடியே எழுதுகிறேன். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி விரித்து, ஆணியால் ஓட்டை ஓட்டையாகக் குத்தினால் துருவி. தோலுரித்த கிழங்கை அதில் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிவார்கள். துணிக்குள் நிற்கும் சக்கை திப்பி. பிழிந்த தண்ணீரை வாளியில் வைத்துவிட்டால் விடிவதற்குள் அடியில் வெள்ளையாக மண்டி இறங்கியிருக்கும். மேல்தண்ணீரைச் சாய்த்துவிட்டு மண்டியைப் பாயில் காயவைத்தால் மாவு.

“அந்தத் தண்ணிய கோழி வாய வைக்காம பாத்துக்கறது என் வேல. குடிச்சா கோழி செத்துரும்” என்றார் பாட்டி.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கின் திசு உடையும்போது அதிலேயே இருக்கும் ஒரு நொதி அதைச் சிதைக்க, ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். துருவுவது திசுவை உடைக்கிறது. பிழிவதும் ஊறவைப்பதும் நஞ்சைத் தண்ணீரோடு வெளியேற்றுகிறது. வெயிலும் நெருப்பும் மிச்சத்தை ஆவியாக்குகின்றன. உடைத்தல், வடித்தல், படியவிடுதல், உலர்த்தல் என்று நான் நான்கு வருடம் படித்ததை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் லயத்து வாசலில் ஒரு தகரத்தையும் வேட்டியையும் வைத்துச் செய்திருக்கிறாள். கசப்புக் கிழங்கு எது, நல்ல கிழங்கு எது என்று நாக்கு நுனியில் வைத்துச் சொல்வாளாம்.

இதே வேலை அந்த வருடங்களில் கடலுக்கு அந்தப் பக்கமும் தொடங்கியது. மலாயாவிலிருந்து போய்க்கொண்டிருந்த ஜவ்வரிசி போரால் நின்றுபோனது. 1943 அளவில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி உருட்டத் தொடங்கினார்கள். மலாயாவில் இந்தத் தொழிலைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவரின் அறிவு அதற்கு உதவியது. அங்கே அது பெரிய தொழிலாக வளர்ந்தது, வரலாறும் எழுதப்பட்டது. இங்கே லயத்து வாசலில் நடந்தது வெறும் சமையல்.

மண்டி மாவில் கஞ்சி. கொஞ்சம் தேங்காய் கிடைத்தால் அதைப் போட்டுப் புட்டு. வாட்டிய வாழையிலையில் தட்டிய அடை. கிழங்கைச் சீவிக் காயவைத்து இடித்து ரொட்டி. மக்காச்சோளத்தைக் கருக வறுத்துக் காப்பி. கேழ்வரகு விளைந்தால் அன்றைக்குக் கூழ். தேங்காயெண்ணெய் கிடைக்காதபோது செம்பனையின் சிவப்பு எண்ணெய்; சுத்திகரிக்காமல், கெட்டியாக, ஒரு மாதிரி வாடையோடு. இந்த நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்ட தோட்டமும் கோல சிலாங்கூர்ப் பக்கம்தான் இருக்கிறது. 1917-இல் நட்டார்கள். தோட்டத்தின் பெயர் என்னவோ ‘தென்னமரம்’. அந்தச் சிவப்பு எண்ணெயில் மரவள்ளிக் கொழுந்தை நன்றாக வேகவைத்து, இடித்து வதக்குவது இன்னொரு பண்டம்.

இதுவரை சொன்னது வாட்சாப் செய்திக்குச் சாதகமான பக்கம். சாமர்த்தியம் இருந்தது. இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இனி கணக்கு. மரவள்ளிக் கிழங்கில் புரதம் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் வேண்டுமென்றால் 5 கிலோ கிழங்கு தின்ன வேண்டும். அரிசியில் அது நூற்றுக்கு ஏழு என்பதால் 700 கிராம் அரிசி போதும். வயிறு நிறையும், உடம்பு நிறையாது. அந்த வருடங்களில் பெரிபெரியும் ஆறாத புண்களும் தோட்டங்களில் பரவியதற்குப் பின்னால் இப்படிச் சத்தில்லாத சாப்பாடும் இருக்கிறது. மலேரியாவுக்கு மருந்தில்லாமல் போனதும் சேர்ந்துகொண்டது.

பாட்டியின் ஐயாவை 1943-இல் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் அவர் ஒருவர். திரும்பி வரவில்லை. அந்த ரயில் பாதையைப் பற்றி நம்மிடம் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ இருக்கிறது, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இருக்கிறது. பிடித்துக்கொண்டு போனவர்களின் கதையை நாம் ஓரளவு எழுதியிருக்கிறோம். ஆள் போன வீட்டில் அன்று சாயங்காலம் என்ன வெந்தது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

வீட்டில் மிஞ்சியது ஆத்தா, எட்டு வயதுப் பாட்டி, இரண்டு தம்பிகள். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். துருவி, பிழிந்து, மண்டி பிரிந்தாயிற்று. அப்புறம் யாருக்கு எது?

பாட்டி கொஞ்சம் யோசித்தார். “மண்டி மாவு தம்பிங்களுக்கு. அதுதான் வெள்ளையா, நைஸா இருக்கும். சின்னவனுக்குக் கஞ்சியா காய்ச்சி ஊத்துவாங்க. எனக்கு அடை. ஆத்தாவுக்குத் திப்பி. திப்பிய உப்புப் போட்டு ரொட்டி மாதிரி தட்டி, அந்தக் கொழுந்த வெச்சுத் தின்னுவாங்க. எனக்கும் அதுல ஒரு வாய் பிச்சுக் குடுப்பாங்க. சின்னவனுக்கு அந்தக் கசப்புக் கீரையக் குடுக்க மனசு வராது அவங்களுக்கு.”

சின்னவன் 1944-இல் போய்விட்டான். கால் வீங்கியது, முகம் வீங்கியது, பிறகு எழுந்திருக்கவில்லை. அப்போது அவனுக்கு மூன்று வயது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலையில் ஒரு பொருளைச் சுத்தப்படுத்துவது என்றால் அது தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்குவது. மண்டி மாவு என்பது அப்படி நீக்கி நீக்கி எடுத்த வெறும் மாவுச்சத்து. கிழங்கில் இருந்த அந்த ஒரு சதவீதப் புரதமும் மேல்தண்ணீரோடு போயிருக்கும். புரதமும் இரும்பும் உயிர்ச்சத்தும் இருந்தது வேகவைத்த கொழுந்தில். பார்வையைக் காப்பாற்றும் சத்து அந்தச் சிவப்பு எண்ணெயில். அந்த வீட்டில் இருந்ததிலேயே ஆகச் சிறந்தது என்று நம்பி, ஆத்தா தன் வாயைக் கட்டிக் கடைசி மகனுக்குக் கொடுத்தது அங்கே இருந்ததிலேயே வெறுமையான உணவு. கழிவு என்று நினைத்துத் தான் தின்றதில்தான் ஏதோ கொஞ்சம் இருந்தது.

அதனால்தான் அவன் செத்தான் என்று சொல்லமாட்டேன். காய்ச்சல் இருந்தது, பூச்சி இருந்தது, ஆஸ்பத்திரி இல்லை. ஆத்தாவிடம் தவறு தேடவும் இல்லை. அந்த வருடங்களில் அவளிடம் இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. நான் சொல்ல வருவது சமையல் குறிப்பைப் பற்றி. ‘ஒரே கிழங்கில் பத்துப் பலகாரம்’ என்ற பட்டியலில் யார் தட்டில் எது விழுந்தது என்பது இருக்காது. அது தெரியாதவரை அந்தப் பட்டியலைக் காட்டி இன்னொருத்தர் பசியைக் கேலி செய்யவும் முடியும். வெள்ளைக்கொடி தொங்கிய வாரத்தில் எங்கள் குழுவில் நடந்தது அதுதான்.

பாட்டியிடம் நான் மண்டி பற்றிய கணக்கைச் சொல்லவில்லை. 77 வருடம் கழித்து அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒரு கிலோ மரவள்ளி வாங்கிவந்து செய்து பார்த்தேன். காய்ந்த மாவு 170 கிராம் தேறியது. துருவியதில் விரல் தோல் போனது. திப்பி ரொட்டியைப் பாட்டிக்கு முன்னால் வைத்தேன். விரலால் தொட்டுப் பார்த்தார், பிய்க்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்:

“அந்தக் கொடி கட்டுன வீட்டுக்கு என்னய்யா குடுத்தே?”

“அரிசி, மாவு, சீனி, பீகூன், எண்ணெய்.”

“பருப்பு?”

கொடுக்கவில்லை என்றேன்.

“முட்ட?”

அதுவும் இல்லை.

“வெள்ளையா இருக்கறதாவே பாத்துக் குடுத்திருக்கே” என்றார். “பருப்பும் முட்டையும் வாங்கிக் குடு. கீரையும் ஒரு கட்டு வை. அந்தப் பொம்பளகிட்ட, நீயும் தின்னும்மான்னு சொல்லிட்டு வா.”

அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று நான் கேட்கவில்லை. முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.