வாய்தாவின் விலை

1690-ல் முகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-ல். ராஜகிரியின் செங்குத்துப் பாறையும் மூன்று மலைகளை வளைத்த மதிலும் மட்டும் அதற்குக் காரணமல்ல. தளபதி வேண்டுமென்றே நாளைக் கடத்துகிறார் என்று முகலாயர் பக்கம் இருந்த வரலாற்றாசிரியர் பீம்சேனே எழுதிவைத்தார். முற்றுகை நீளும்வரை தளபதிக்குப் படையும் அதிகாரமும் உண்டு; உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராமுக்கு மூச்சுவிட அவகாசம் உண்டு. கோட்டை விழுமுன் அவர் தப்பியும் போனார். தாமதத்தால் யாருக்கு ஆதாயம் என்று கேட்காமல் தாமதத்தை ஒழிக்க முடியாது. இதே செஞ்சி வட்டாரத்தின் சொத்து வழக்குகளில் வாய்தா வேரூன்றியதும் அந்தக் கேள்வியைச் சட்டம் தள்ளிப்போட்டதால்தான்.

1801-ல் கர்நாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. மறு ஆண்டே சென்னை மாகாணத்தில் ஜில்லா கோர்ட்டுகள் அமைக்கும் வேலை தொடங்கியது. சில ஆண்டுகளில் வழக்குகள் குவிந்து, தாமதம் லண்டன் வரை புகாராகப் போயிற்று. தாமஸ் மன்றோ தலைமையில் ஆணையம் வந்து, 1816-ல் கிராம முன்சீபு, பஞ்சாயத்து, மாவட்ட முன்சீபு என்று புதிய அடுக்குகள் உருவாயின. ஊர்ப் பஞ்சாயத்து இருந்தவரை நியாயம் உடனே கிடைத்தது, கோர்ட்டு வந்துதான் எல்லாம் இழுபறியானது என்பவர்கள் இந்தப் பரிசோதனையின் முடிவைக் கவனிக்க வேண்டும். சட்டமே பஞ்சாயத்துக்கு இடம் கொடுத்தும் ஜனங்கள் அதை அதிகம் நாடவில்லை. முன்சீபு கோர்ட்டுக்கே போனார்கள். உள்ளூர்ச் செல்வாக்குக்குக் கட்டுப்படாத தீர்ப்பும், அமீனாவை அனுப்பி நிறைவேற்றிக்கொள்ளும் டிக்ரியும் அங்கேதான் கிடைத்தன. அதற்காகக் காத்திருக்கவும் அவர்கள் தயாராக இருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பைச் சுருக்கச் சட்டம் செய்த முயற்சிகளுக்குக் குறைவில்லை. 1859-ல் முதல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் வந்தது. 1908-ன் சட்டத்தில் 17-ஆம் கட்டளை, போதுமான காரணம் இருந்தால்தான் வாய்தா என்றது. வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை இருப்பது காரணமாகாது என்று 1976-ல் சேர்த்தார்கள். 1999-ல் நிறைவேறி 2002-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் இல்லை என்றது. இதை எதிர்த்துப் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றே சொன்னது. ஆனால் கட்சிக்காரரின் கையை மீறிய நிலைமைகளில் நான்காவது வாய்தாவுக்கும் வழி விட்டது. எதிருரைக்கு விதித்த 90 நாள் கெடுவையும் அசாதாரணக் காரணம் இருந்தால் தளர்த்தலாம் என்றது. அதில் தவறு காண முடியாது: ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் நிலத்தை எண்ணிக்கை தாண்டியதற்காகப் பறிக்க முடியுமா? ஆனால் எண்ணிக்கையால் வாய்தாவை அடக்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் வெளிப்பட்டது.

காரணத்தை நீதிமன்றம் ஆராயலாம், எண்ணிக்கையை வரையறுக்கலாம். ஆதாயம் அப்படியே இருக்கும். ஒரு பாகப்பிரிவினை வழக்கை எடுத்துக்கொள்வோம். எதிருரைக்கு ஒரு வாய்தா, எழுவினா வனைய ஒன்று, ஆவணம் தாக்கல் செய்ய ஒன்று. நிலத்தை அளக்க வக்கீல் கமிஷனர் போட்டால் சர்வேயர் தேதிக்கு ஒன்று, அவர் அறிக்கைக்கு ஆட்சேபம் சொல்ல இன்னொன்று, குறுக்கு விசாரணைக்கு மேலும் சில. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அத்தனை காலமும் கிணறும் மணிலாக் கொல்லையும் யார் அனுபவத்தில் இருக்கிறதோ, மகசூல் அவருக்கே. இடைக்காலத் தடையுத்தரவு வாங்கியவருக்கும் அவசரம் கிடையாது. பிரதிவாதிதான் இழுத்தடிப்பார் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அனுபவம் யார் கையில் இருக்கிறதோ அவர் இழுப்பார்.

ஆகவே வாய்தாவுக்கு எண்ணிக்கையைவிட விலை முக்கியம். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1976-ல் சேர்ந்த 35-பி பிரிவு, தாமதத்துக்கான செலவுத்தொகையைக் கட்டாதவர் வழக்கை மேலே நடத்த முடியாது என்கிறது. வாய்தா கொடுக்கும்போது செலவு பற்றி உத்தரவிட்டே ஆக வேண்டும் என்பது 1999 திருத்தத்திலேயே இருக்கிறது. ஏழை விவசாயி எப்படிக் கட்டுவார் என்ற கேள்வி வரும். அவர் இப்போதும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்: சாட்சியையும் கூட்டிக்கொண்டு வந்து, நாள் கூலியும் பஸ் கட்டணமும் இழந்து, வாசலில் வாய்தாத் தேதி கேட்டுத் திரும்புகிறார். அந்தச் செலவு இப்போது கேட்காதவர் தலையில் விழுகிறது. கேட்டவர் தலைக்கு மாறினால் அதுதான் நியாயம். நீதிபதிகள் போதாததுதான் மூலகாரணம் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஒரே நாளில் கேட்டு முடிக்க முடியாத அளவுக்கு வழக்குகளைப் பட்டியலிட்டால் நீதிமன்றமே வாய்தா கேட்கும் தரப்பாகிவிடுகிறது. அந்த வாய்தாவுக்குக் கட்சிக்காரர் விலை கொடுக்கக் கூடாது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு அரசுடையது. ஆனால் நீதிபதி தயாராக இருந்து, சாட்சியும் கூண்டில் ஏறக் காத்திருக்கும் நாளில் கேட்கப்படும் வாய்தாவுக்கு ஆள் பற்றாக்குறை சாக்காகாது. எதிராளியின் அன்றைய செலவைக் கட்டினால்தான் அடுத்த தேதி என்றால், உண்மையான காரணம் உள்ளவர் கட்டிவிட்டுப் போவார். காலத்தைக் கடத்தவே வந்தவர்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.