வட்டி தெரிந்தும் கடன்: வளரும் பொருளாதாரங்களில் நிதியறிவும் குடும்பங்களின் பண நடத்தையும்

முன்னுரை

ஏழைக் குடும்பங்கள் கடனில் சிக்குவதற்கும் சேமிக்கத் தவறுவதற்கும் நிதியறிவு இல்லாமையே காரணம் என்னும் கருத்து, வளரும் நாடுகளின் கொள்கை வகுப்போரிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்தியாவில் 2013-இல் தேசிய நிதிக் கல்வி மையம் அமைக்கப்பட்டது. ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் நிதிக் கல்வி வாரம் நடத்துகிறது. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் திட்டத்தின் வழியாகக் கோடிக்கணக்கானோருக்கு வங்கிக் கணக்கு கிடைத்தது. கணக்கும் இருக்கிறது, கற்பிக்கவும் செய்கிறோம். ஆனால் அடகுக்கடை வாசலில் கூட்டம் குறையவில்லை. இந்த முரணை எப்படிப் புரிந்துகொள்வது?

நிதியறிவு பயனற்றது என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. ஒரு குடும்பத்தின் அறிவு செயலாக மாற மூன்று துணைகள் வேண்டும்: வருமானம் வந்துசேரும் காலத்தில் ஓர் ஒழுங்கு, கைக்கு எட்டும் நம்பகமான சேமிப்பு அல்லது கடன் வழி, அந்தப் பணத்தின்மேல் முடிவெடுக்கும் உரிமை. இம்மூன்றும் இல்லாத இடத்தில் பாடம் மட்டும் நடத்துவது, பொறுப்பை வலுவற்றவர் தலையில் ஏற்றிவைப்பதாகவே முடியும். இந்தியாவிலும் அயல்நாடுகளிலும் நடந்த கள ஆய்வுகளையும் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் நடைமுறையையும் சேர்த்துவைத்து இதை நிறுவ முயல்கிறேன்.

அளவுகோலும் அது அளக்காதவையும்

அன்னமரியா லுசார்டியும் ஒலிவியா மிட்செலும் வகுத்த மூன்று கேள்விகள் இத்துறையின் அடிப்படை அளவுகோல்: வட்டிக் கணக்கு, பணவீக்கம், முதலீட்டைப் பரவலாக்குதல். இவற்றுடன் கூட்டு வட்டியையும் சேர்த்து 2014-இல் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனத்தின் பெயரில் உலக அளவிலான கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. உலகில் வயதுவந்தோரில் 33 விழுக்காட்டினரும், இந்தியாவில் 24 விழுக்காட்டினருமே நிதியறிவு பெற்றவர்கள் என்று அது கூறியது.

இந்த எண்ணை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது எதை அளக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம் என்று நடக்கும் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம். அவசரத் தேவை உள்ள ஒரு பெண் 25,000 ரூபாய் தள்ளி எடுக்கிறார். கைக்கு வருவது 75,000. தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி 20,000 எல்லோருக்கும் தலைக்கு ஆயிரமாகப் பிரிகிறது. எந்த மாதம் எவ்வளவு தள்ளினால் கட்டுப்படியாகும், யாருக்கு நெருக்கடி, யார் கடைசிவரை காத்திருப்பார் என்பதையெல்லாம் பள்ளிப்படிப்பைத் தாண்டாத பெண்கள் மனக்கணக்காகவே போடுகிறார்கள். பங்குச்சந்தை முதலீட்டைப் பற்றிய கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லாமல் போகலாம். ஆனால் அவர்களுடைய நிதி வாழ்வில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 250-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் வரவு செலவை நெருக்கமாகப் பதிவுசெய்து, டேரில் காலின்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் நூலாக வெளியிட்டனர். மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களும் பல வகைச் சேமிப்பையும் கடனையும் ஒரே நேரத்தில் கையாள்வதை அது காட்டியது. வருமானம் குறையக் குறையப் பண நிர்வாகத்தின் சிக்கல் கூடுகிறது.

எனினும் ஓர் உண்மையான அறிவுக் குறை இருக்கிறது. தண்டல் கடனில் அது வெளிப்படையாகத் தெரியும். 10,000 ரூபாய்க் கடனில் 1,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வாங்குபவர் இதைப் ‘பத்து வட்டி’ என்று நினைக்கிறார். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் கொண்டால், ஆண்டு வட்டி 77 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ‘பிளாட்’ வட்டியிலும் இதே மயக்கம்தான்: 12 விழுக்காடு என்று சொல்லி 12,000 ரூபாயை 12 தவணைகளில் 1,120 வீதம் வசூலித்தால், உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 21.5 விழுக்காடு. இந்தக் குறை களையப்பட வேண்டியதே. களைந்தால் நடத்தை மாறுமா என்பதே அடுத்த கேள்வி.

சான்றுகள் சொல்வது

டேனியல் பெர்னாண்டஸ், ஜான் லிஞ்ச், ரிச்சர்ட் நெட்டிமேயர் மூவரும் 2014-இல் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். நிதிக்கல்வித் திட்டங்கள் பண நடத்தையில் காணும் வேறுபாட்டில் 0.1 விழுக்காட்டை மட்டுமே விளக்கின. குறைந்த வருமானத்தினரிடம் பயன் இன்னும் குறைவு. இதற்கு எதிர்ப்புறத்தில் டிம் கைசர், லுசார்டி உள்ளிட்டோர் 2022-இல் 76 சமவாய்ப்புச் சோதனைகளைத் தொகுத்து, நிதிக்கல்வி அறிவையும் நடத்தையையும் மேம்படுத்துகிறது என்று நிறுவினர். இரண்டையும் நேர்மையாக எடைபோட்டால், ‘கல்வி பயன்தருமா’ என்ற கேள்வியைவிட ‘எந்தக் கல்வி, எந்தச் சூழலில்’ என்ற கேள்வியே பொருளுடையது.

அதற்கு விடை தரும் மூன்று சோதனைகள் உள்ளன. இந்தோனேசியாவில் ஷான் கோல், தாமஸ் சாம்ப்சன், பிலால் ஜியா ஆகியோர் வங்கிக் கணக்கு இல்லாதோரில் ஒரு பகுதியினருக்கு நிதிப் பாடம் நடத்தினர். கணக்குத் தொடங்குவோருக்கு 3 முதல் 14 டாலர் வரை ஊக்கத்தொகையும் அறிவித்தனர். பாடத்தால் பொதுவாக மாற்றம் வரவில்லை. கல்வி குறைந்தோரிடம் மட்டும் சிறிதளவு பயன் தெரிந்தது. சிறு தொகையோ பலரைக் கணக்குத் தொடங்க வைத்தது. தடையாக இருந்தது பெரும்பாலும் செலவே என்பது இதன் பொருள்.

டொமினிக்கன் குடியரசில் சிறுதொழில் செய்வோருக்கு முறையான கணக்கியல் கற்பித்தபோது குறிப்பிடத்தக்க பயன் இல்லை. வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் தனித்தனியே வை என்பது போன்ற எளிய நடைமுறை விதிகளைக் கற்பித்தபோது அவர்களுடைய கணக்கு வைக்கும் பழக்கம் மேம்பட்டது. அகமதாபாத்தில் நகர்ப்புற ஏழைகளுக்குக் காணொளி வழியே பாடம் மட்டும் நடத்தியபோது நடத்தை மாறவில்லை. குறிக்கோள் வகுத்துத் தருவதும் ஆளுக்கு ஆள் ஆலோசனை சொல்வதும் சேர்ந்தபோது மாறியது. அறிவு தனியே நிற்கும்போது தோற்று, தேவையோடும் துணையோடும் சேரும்போது வேலை செய்வதை மூன்றும் ஒருங்கே காட்டுகின்றன.

காலம், வழி, உரிமை

முதலாவது, காலம். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஷாவ் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வின் களம் தமிழ்நாடு. 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் அவர்கள் சோதித்தனர். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே விவசாயியின் சிந்தனைத் திறன் தேர்வு மதிப்பெண் குறைந்திருந்தது. பணம் வந்த பிறகு உயர்ந்தது. ஆள் அதே ஆள், கல்வியும் அதே கல்வி. பற்றாக்குறை மனத்தை ஆக்கிரமிக்கும்போது கற்றது கைகொடுப்பதில்லை. கரும்புப் பணம் ஆலையிலிருந்து உரிய நாளில் வந்துசேர்வதும் குடும்பத்தின் நிதி நடத்தையைத் திருத்தும் ஒரு வழி என்பது இதிலிருந்து பெறப்படும்.

இரண்டாவது, வழி. சென்னைச் சந்தைகளில் பழவியாபாரிகள் காலையில் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கி மாலையில் திருப்புவதை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் பதிவுசெய்துள்ளனர். வட்டி நாளுக்கு 4.69 விழுக்காடு. அதாவது 22 நாளில் வட்டி மட்டுமே அசலைத் தாண்டிவிடும். டீன் கார்லான், முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் இத்தகைய வியாபாரிகளின் கடனை முழுதாக அடைத்துவிட்டுக் கவனித்தனர். பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மீண்டும் கடன் வாங்கினர். தினமும் வட்டி கட்டுபவருக்கு வட்டி தெரியாது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் காய்ச்சல், ஒரு சாவு, ஒரு பள்ளிக் கட்டணம் வந்தால் தாங்குவதற்கு வேறு பணம் இல்லை என்பதே அவர்களின் நிலை. வேறு வழி இல்லாதவரிடம் வட்டி ஒப்பீடு செல்லுபடியாவதில்லை.

நகைக்கடனின் இடமும் இதுவே. தங்கத்தை வாங்கி வைப்பதை வருவாய் தராத முதலீடு என்று பாடநூல் சொல்லலாம். சம்பளச் சீட்டு, ஜாமீன் எதையும் கேட்காமல் சில மணி நேரத்தில் பணமாகும் ஒரே உடைமை அது என்பதால்தான் குடும்பங்கள் அதை நாடுகின்றன. உண்மையான ஆபத்து, வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்து, கடைசியில் நகை மூழ்கிப்போவதில் இருக்கிறது. கற்பிக்க வேண்டியதும் அங்கேதான்.

மூன்றாவது, உரிமை. கடனுக்கு விலை மட்டும் இல்லை, மானமும் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் ஆய்வுசெய்து வரும் இசபெல் கெரானும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் இதைத் தெளிவுபடுத்தியுள்ளனர். யாரிடம் கைநீட்டுவது தாழ்வு, யாரிடம் வாங்கினால் சாதி அதிகாரத்துக்குப் பணிய நேரும், யாரிடம் வாங்கினால் வீட்டுப் பெண்ணின் பெயர் கெடும் என்பவையும் குடும்பங்களின் கணக்கில் சேர்கின்றன. வட்டி குறைந்த கடன் இதனால் சில நேரம் விலை உயர்ந்த கடனாகிறது.

வீட்டுக்குள்ளும் இதே நிலைதான். பெண்கள் கணவருக்குத் தெரியாமல் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்க்கும் சிறுவாட்டுப் பணம் வட்டி ஈட்டுவதில்லை. அது ஈட்டித்தருவது கட்டுப்பாடு. 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பணத்தை வெளியே எடுத்துக் காட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. காலமெல்லாம் காத்த உரிமையைப் பல பெண்கள் அன்று இழந்தனர். மத்தியப் பிரதேசத்தில் எரிகா ஃபீல்டு, ரோகிணி பாண்டே முதலானோர் நடத்திய சோதனை மறுபக்கத்தைக் காட்டியது. பெண்ணின் பெயரில் கணக்கு, அதைப் பயன்படுத்தப் பயிற்சி, வேலை உறுதித் திட்டக் கூலி நேரே அக்கணக்குக்கு வருதல் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது, கணக்கு மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாக வேலைக்குச் சென்றனர். பயிற்சிக்கு உயிர் கொடுத்தது உரிமை.

ஒரு மறுப்பு

‘அப்படியானால் அதிக வட்டி ஆசை காட்டும் நிதி நிறுவனங்களில் நடுத்தரக் குடும்பங்கள் ஏமாறுவது ஏன்? அங்கே பணமும் இருக்கிறது, வங்கியும் இருக்கிறது’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1990-களில் நிதி நிறுவனங்கள் பல சரிந்த பின்னரே தமிழ்நாடு 1997-இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதன் பிறகும் ஏமாற்றுகள் ஓயவில்லை. இங்கே அறிவுக் குறை உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் அப்பணத்தைத் திரட்டித் தருபவர் பெரும்பாலும் உறவினரோ, தெருக்காரரோ, உடன் வேலை செய்பவரோதான். கணக்குத் தெரிந்தவரும் முகத்துக்காகக் கொடுக்கிறார். எனவே இவர்களுக்குத் தேவையான கல்வி, பதிவு எண்ணைச் சரிபார்க்கவும் முகத்தாட்சண்யத்தை மீறி ‘வேண்டாம்’ என்று சொல்லவும் பழக்கும் கல்வி. அதற்கு இணையாக அரசின் கண்காணிப்பும் வேண்டும்.

செய்யத்தக்கவை

கல்வி முடிவெடுக்கும் இடத்துக்கும் நேரத்துக்கும் வர வேண்டும்: அடகு வைக்கும் மேசைக்கு, கரும்புப் பணம் வரும் வாரத்துக்கு, ஜூன் மாதப் பள்ளிச் சேர்க்கைக்கு. 1989-இல் தருமபுரியில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டங்கள் இதற்கு ஆயத்தமாக இருக்கும் வகுப்பறைகள்; ஆனால் அங்கு இன்று தவணை வசூலே பெரும்பொழுதை எடுத்துக்கொள்கிறது.

தெளிவாகச் சொல்லும் கடமை கடன் தருபவருடையது. கட்டணங்கள் அடங்கிய ஆண்டு வட்டியைக் குறிப்பிடும் முக்கிய விவரத் தாளைக் கடன்தாரருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024-இல் பணித்தது. அது கையெழுத்துக்கான இன்னொரு தாளாகிவிடாமல், ‘நீங்கள் வாங்குவது இவ்வளவு, மொத்தம் கட்டுவது இவ்வளவு’ என்று ரூபாயில் வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும். 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டமும் 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டமும் புகார் வந்த பிறகு விழிக்கும் சட்டங்களாக நின்றுவிடக் கூடாது.

முடிவுரை

நிதியறிவு குடும்பத்தின் நடத்தையை வடிவமைக்கிறது. ஆனால் தனித்து நின்று அதைச் செய்வதில்லை. நேரத்துக்கு வரும் கூலியும், அவசரத்துக்கு உதவும் நியாயமான கடனும், தன் பெயரில் தன் கையில் இருக்கும் பணமும் உள்ள குடும்பத்தில்தான் வட்டிக் கணக்கு பயன்படும் அறிவாகிறது. ஆகவே நிதிக்கல்வித் திட்டங்களை எத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள் என்று எண்ணி மதிப்பிடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். எத்தனை குடும்பங்கள் தண்டலிலிருந்து விடுபட்டன, எத்தனை நகைகள் மூழ்காமல் மீண்டன, எத்தனை பெண்கள் தம் கணக்கைத் தாமே இயக்குகிறார்கள் என்பவையே இனி நம் அளவுகோல்களாக வேண்டும்.