கல்கத்தா தொழிற்பயிற்சி (சிவகாசி)

கல்கத்தா தொழிற்பயிற்சி என்பது சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் தீப்பெட்டி செய்முறையைக் கற்பதற்காக 1922ஆம் ஆண்டு கல்கத்தா (இன்றைய கொல்கத்தா) சென்று பெற்ற பயிற்சியைக் குறிக்கும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களுக்கு இதுவே தொடக்கமாகக் கருதப்படுகிறது.

பின்னணி

இப்பகுதி மழை குறைந்த கரிசல் நிலம் ஆகும். வேளாண்மையை மட்டும் நம்பி வாழ இயலாததால் மாற்றுத் தொழில் தேவைப்பட்டது. அக்காலத்தில் தீப்பெட்டிகள் பெரும்பாலும் சுவீடன், சப்பான் ஆகிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டன.

பயிற்சி

பூர்ண சந்திர ராய் என்னும் வங்காளத் தொழில்முனைவோரிடம் இருவரும் பயின்றனர். குச்சியை மெழுகில் தோய்த்தல், அதன் முனையில் மருந்து ஏற்றுதல், பெட்டியின் பக்கத்தில் உரசுமருந்து பூசுதல் ஆகியவை இத்தொழிலின் முதன்மையான படிகளாகும். குச்சிமுனையில் பொட்டாசியம் குளோரேட்டும் பெட்டியில் சிவப்புப் பாசுபரசும் இருக்கும். இவை இரண்டும் ஒன்றாகக் கலந்தால் சிறு உராய்விலும் வெடிக்கக்கூடும். எனவே இவற்றைப் பிரித்துக் கையாளுவதே தொழிலாளி கற்க வேண்டிய முதற்பாடம் ஆகும்.

விளைவுகள்

இருவரும் ஊர் திரும்பி, 1923இல் செருமானிய இயந்திரங்களைக் கொண்டு ஆலை தொடங்கினர். பின்னர் கைத்தொழில் முறைக்கு மாறினர். இம்முறைக்கு முதலீடு குறைவு. ஆட்கள் மிகுதியாகத் தேவை. ஆகவே சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் தொழில் பரவிப் பல குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. அதே காரணத்தால் சிறுவர்களும் இதில் ஈடுபடுத்தப்பட்டனர். தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் சிறுவர்களைப் பணியமர்த்துவதை 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்தது.

இருவரும் பின்னர் பிரிந்து தனித்தனியே தொழில் நடத்தினர். அய்ய நாடாரின் "அணில்", சண்முக நாடாரின் "காக்கா" ஆகிய வணிகக் குறிகள் புகழ்பெற்றவை.

இவற்றையும் பார்க்க

* சிவகாசி
* வெம்பக்கோட்டை
* தீப்பெட்டி