தங்கவயலின் இரண்டு பாறைகள்

கோலார் தங்கவயலை ஒட்டிய பெத்தபள்ளியின் எரிமலைத் துகள்பாறைகளையும் தலையணைப் பாறைகளையும் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. நீருக்கடியில் பீறிடும் எரிமலைக்குழம்பு, மேற்புறம் சட்டெனக் குளிர்ந்து தலையணை தலையணையாக உறையும். இப்பாறைகள் இங்கு இருப்பதால், ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் நீரின் அடியில் இருந்தது என அறிகிறோம். புவியியல் சுற்றுலா வருவோர்க்கு வழிகாட்டுவோர் சொல்லும் முதற்கதை இதுவே.

இரண்டாம் கதை நகரருகே நிற்கும் சயனைடு மலைகளில் உள்ளது. அவை இயற்கை மலைகளல்ல. சுரங்கக் கல்லை அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய கல்மாவின் குவியல்கள். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் வேரூன்றியது முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை வெட்டப்பட்ட கல் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அங்கு இறங்கியோருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர். அவர்களுள்ளும் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அடியாழத்தில் பாறை வெடித்துச் சிதறிப் பலர் மாண்டனர். கல்தூசி பலருடைய நுரையீரலில் சிலிக்கோசிஸ் நோயாகப் படிந்தது.

பெத்தபள்ளியை மட்டும் காட்டித் திரும்பும் வழிகாட்டி, பாறையின் வயதைச் சொல்கிறார். அதன் விலையைச் சொல்வதில்லை. அவ்விலை சயனைடு மலைகளில் குவிந்து கிடக்கிறது. ஒரே நடையில் இரண்டையும் காட்டுவதே தங்கவயலுக்கு நேர்மையான வழிகாட்டல்.