கறிக்கோழியின் தீவனம்: தாம்பரத்திலிருந்து ஒரு வரலாறு

தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர் என எங்கு கோழிக்கறி வாங்கச் சென்றாலும் கடைக்காரரிடம் நாம் கேட்பது ஒன்றே: அறுத்தவர் யார்? அவசியமான கேள்விதான். ஆயினும் நமது ஃபிக்ஹு நூல்கள் அத்துடன் நிற்கவில்லை. அந்தப் பிராணி எதைத் தின்று வளர்ந்தது என்றும் அவை கேட்கின்றன. அசுத்தத்தைத் தின்று வளர்வதை 'ஜல்லாலா' என்று அழைத்து, அதன் இறைச்சி, பால் குறித்துத் தனியே சட்டம் பேசியுள்ளனர் இமாம்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அத்தகைய கோழியை மூன்று நாட்கள் அடைத்து வைத்த பின்னரே உண்டார்கள் என அறிவிக்கப்படுகிறது. அதே வேளையில், கோழி அசுத்தம் தின்னக் கண்டதால் உண்ணத் தயங்கிய ஒருவரை அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களே கோழிக்கறி உண்டதைக் கூறி விருந்துக்கு அழைத்த செய்தியும் புகாரியில் உண்டு. ஆகவே இதில் மிகைப்படுத்தலுக்கு இடமில்லை.

இன்றைய பிராய்லர் கோழி தெருவில் மேய்வதில்லை. அதன் ஆயுளே ஏறத்தாழ நாற்பது நாட்கள். இத்தனை விரைவாக அது எடை போடுவதற்கு இனத்தேர்வும் சத்தான தீவனமும் முதற்காரணங்கள். அவற்றோடு, நோயே இல்லாத கோழிக்கும் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலக்கும் வழக்கமும் வளர்ந்தது. இம்மருந்து நஜீஸ் அன்று. எனவே இக்கோழியை ஜல்லாலா என்று நாம் கூறவில்லை. ஆனால் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிவது நல்லது. அந்த வரலாற்றின் ஒரு முனை நம் சென்னையிலேயே இருக்கிறது.

தாம்பரம் சானடோரியம் என்று நாம் இரயில் நிலையத்தின் பெயராக உச்சரிப்பது, 1928ஆம் ஆண்டு மருத்துவர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையை. அதே ஆண்டில்தான் இலண்டனில் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டார். ஆனால் காசநோய்க்கு அது பயன்படவில்லை. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே அந்நாளில் காசநோயாளிக்குக் கிடைத்த சிகிச்சை. 1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்ட பின்னரே அந்நோயைத் தாக்கும் மருந்து மனிதன் கைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1946இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் அதே மருந்தைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். குஞ்சுகள் கூடுதலாக வளர்ந்தன. அன்று அதை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கவனிக்க வைத்தது லெடர்லி நிறுவனம். அதன் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்; திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். அமெரிக்கா செல்லுமுன் சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்தார் என்பது நமக்கு வியப்பளிக்கிறது. அவர் தலைமையில் இயங்கிய ஆய்வகத்தில்தான் ஆரியோமைசின் பிறந்தது. 1948இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அவர் இறந்தார். மருந்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய கசடில் பி12 வைட்டமின் இருக்கும் என்று எண்ணி, அங்கிருந்த ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் இருவரும் அதைக் குஞ்சுகளுக்கு ஊட்டினர். எதிர்பார்த்ததைவிட அதிக வளர்ச்சி. காரணம் வைட்டமின் மட்டுமன்று, கசடில் தங்கியிருந்த மருந்து என்பது 1950இல் வெளியானது. பண்ணைகள் அதைப் பற்றிக்கொண்டன.

குறைந்த அளவு மருந்து கோழியின் குடலிலுள்ள நுண்ணுயிர்களில் ஒரு பகுதியைக் கொல்கிறது. அதனால் தீவனம் உடம்பில் அதிகம் சேர்கிறது. சாகாமல் தப்பியவையோ அம்மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகுகின்றன. பண்ணைக் கழிவிலும் இறைச்சியிலும் ஏறி அவை மனிதரை அடைகின்றன. பிரிட்டனில் 1969இல் ஸ்வான் குழு இதை எச்சரித்தது. சுவீடன் 1986இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரியில். நம் நாட்டில் கடும் தொற்றுகளுக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்டின்கூடப் பண்ணைகளில் பயன்பட்டு வந்தது. 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதை உணவுக்கான கால்நடைகளுக்குத் தடை செய்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஒருவருக்காகக் காத்து வைக்க வேண்டிய மருந்தைக் கோழியின் எடைக்காகச் செலவிடுவது அமானிதத்தில் கைவைப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

மாற்று என்ன? பூண்டு, மஞ்சள், ஓமம், கருஞ்சீரகம் என்று நம் அஞ்சறைப் பெட்டியைத்தான் ஆய்வாளர்கள் திறக்கின்றனர். ஐரோப்பியர் தைம் செடியிலிருந்து எடுக்கும் தைமால், நம் ஓமத்திலும் நிறைய உண்டு. தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி கால்நடைகளுக்கான மரபு மூலிகை மருத்துவத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார். நமக்கு அருகில் பொத்தேரியை அடுத்த காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

கருஞ்சீரகம் என்றதும் நம்மில் பலர், நபிமொழியே போதும், ஆய்வு எதற்கு என்பர். அளவை அறிவதற்குத்தான். துருக்கியில் நடந்த ஓர் ஆய்வில் தீவனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்தபோது கோழிகள் நன்கு எடை கூடின. அதற்கு மேல் சேர்த்தபோது பலன் அதற்கேற்ப உயரவில்லை. மூலிகையின் வீரியம் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுகிறது. வாசனை எண்ணெய்கள் தீவனத்தைக் குருணையாக்கும் சூட்டில் ஆவியாகிவிடுகின்றன. ஒரு பண்ணையில் பலித்தது மறு பண்ணையில் பலிக்காததும் உண்டு. டென்மார்க்கில் 1998இல் கறிக்கோழிப் பண்ணையாளர்கள் தாமாகவே இம்மருந்தை நிறுத்தினர். உற்பத்தி பெரிதாகச் சரியவில்லை. கொட்டகைத் தூய்மை, நெரிசலின்மை, தடுப்பூசி ஆகியவை இன்றி மூலிகை மட்டும் அங்கும் காப்பாற்றியிராது.

நோயுற்ற கோழிக்கு மருந்து கொடுத்தால், அது உடலை விட்டு நீங்கும் நாட்கள் கழிந்த பின்னரே அறுக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவ விதி. இப்னு உமர் (ரலி) அவர்களின் மூன்று நாட்களைப் படித்த நமக்கு இது அந்நியமானதன்று. வலீமாவுக்கும் இஃப்தாருக்கும் மொத்தமாகக் கோழி வாங்கும் ஜமாஅத்துகள், அறுத்தவர் பெயரோடு, தீவனத்தில் மருந்து கலக்கப்பட்டதா, கடைசியாக மருந்து கொடுத்தது என்று என்பதையும் பண்ணையாரிடம் எழுத்தில் கேட்டுப் பெறலாம்.